அதே 400 கிலோமீற்றர்தான்: பஸ்ஸுக்கு 3,000, விமானத்துக்கு 31,000

கேள்வி, 2025 ஜூலை 13

ஆவணியில் திருச்சியில் ஒரு கல்யாணம். கொழும்பில் இருந்து போய்வர ஒருவருக்கு 62,000 ரூபாய் சொல்கிறார்கள், ஒரு வழிக்கு 31,000. நாங்கள் நாலு பேர், 248,000. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் யாழ்ப்பாணத்துக்கு 3,000 ரூபாய். கூகுள் மேப்பில் பார்த்தேன், கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து திருச்சியும் ஏறத்தாழ 400 கி.மீ., கொழும்பில் இருந்து யாழ்ப்பாணமும் ஏறத்தாழ 400 கி.மீ. தான். பஸ், ரயில் எல்லாம் ஒரு அளவோடு ஏறும்போது விமானம் மட்டும் ஏன் இப்படிக் கண்மண் தெரியாமல் ஏறுகிறது? விளங்கினவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜூலை 13, இரவு 10.20

எரிபொருள்தான். விமானக் கம்பனிகளின் செலவில் கால் பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போகிறது. அதோடு எங்கள் ரூபாய் 2022 இல் விழுந்த விழுகை. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 சொச்சம், மே மாதம் 360. விமானத்துக்கு எல்லாமே டொலர் கணக்கு: எரிபொருள், குத்தகை, உதிரிப்பாகம், காப்புறுதி, விமான நிலையத்துப் புறப்பாட்டு வரி கூட. அந்த வருஷம் கொழும்பில் விமான எரிபொருளே இல்லாமல் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனார்கள், ஞாபகம் இருக்கும்.

ஜூலை 14, காலை 6.15

நேற்று அரைத் தூக்கத்தில் எழுதியது, திருத்த வேண்டும். எரிபொருள் மட்டும் என்றால் இப்போது குறைந்திருக்க வேண்டுமே. 2022 ஜூனில் பிரென்ட் மசகு எண்ணெய் பீப்பாய் 120 டொலரைத் தாண்டி நின்றது, இப்போது 70க்குக் கிட்ட நிற்கிறது. டொலரும் 360 இல் இருந்து 300க்கு இறங்கிவிட்டது. டிக்கெட் அந்த அளவுக்கு இறங்கவில்லை.

இன்னொரு காரணம் விமானமே போதாமல் இருப்பது. 2023 ஜூலையில் பிராட் அன்ட் விட்னி தன் புதிய இஞ்சின்களில் உலோகக் குறைபாடு இருக்கிறது என்று அறிவித்தது. அதனால் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான விமானங்களைத் தரையில் நிறுத்தி இஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டி வந்தது. இண்டிகோவில் மட்டும் ஒரு கட்டத்தில் 70க்கும் மேல் நின்றன. ஆட்கள் கோவிட்டுக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டார்கள், சீட் அந்த வேகத்தில் வரவில்லை. எண்ணெய் விலை இறங்கினாலும் சீட் விலை இறங்காமல் நிற்பதற்கு இது பெரிய காரணம்.

ஜூலை 14, மதியம் 1.05

"பஸ், ரயில் எல்லாம் ஒரு அளவோடு" என்று நீங்கள் எழுதியது மனதில் இடறிக்கொண்டே இருக்கிறது. பழைய மின்னஞ்சலைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஜூலை 14, இரவு 11.30

தேடினேன். 2019 மாசியில் நானும் அம்மாவும் திருச்சி போன டிக்கெட் கிடைத்தது. போய்வர ஒருவருக்கு 28,000 ரூபாய். அந்த வருஷம் யாழ்ப்பாணம் போக இரவு பஸ்ஸுக்கு 1,300 கொடுத்ததாக அம்மாவின் கணக்குக் கொப்பியில் இருக்கிறது (அம்மா எல்லாவற்றையும் எழுதுவார், தேங்காய் விலை உட்பட).

இப்போது பாருங்கள். விமானம் 28,000 இல் இருந்து 62,000, அதாவது 2.2 மடங்கு. பஸ் 1,300 இல் இருந்து 3,000, அது 2.3 மடங்கு. பஸ்தான் கொஞ்சம் கூட ஏறியிருக்கிறது!

டொலரில் போட்டால் இன்னும் வேறு மாதிரி. 2019 இல் டொலர் 180 அளவில், 28,000 என்றால் 155 டொலர். இன்று 62,000 என்றால் 207 டொலர். மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். ஆறு வருஷத்துக்கு அது பெரிய அநியாயம் என்று சொல்ல முடியவில்லை. மிச்சம் எல்லாம் எங்கள் ரூபாய் தேய்ந்த தேய்வு.

டீசலும் அப்படித்தான். 2021 இல் லீற்றர் 111 ரூபாய், 2022 ஜூன் கடைசியில் 460, இப்போது 280க்கு மேல். 2022 ஜூலையில் பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாய் ஆனது, கொண்டக்டரும் ஆட்களும் சில்லறைக்குச் சண்டை பிடித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே உங்கள் கேள்வி கொஞ்சம் பிழை என்றுதான் இப்போது தோன்றுகிறது. விமானம் மட்டும் ஏறவில்லை.

ஜூலை 15, காலை 7.00

இல்லை, கேள்வி பிழை இல்லை. இரவு படுத்தபடி யோசித்தேன். மடங்குக் கணக்கு தாளில் சரி, வீட்டில் சரிவராது. பஸ்ஸுக்கு 1,700 கூடினால் அந்த மாதம் இரண்டு நாள் மீன் வாங்காமல் விடலாம். விமானத்துக்கு ஆளுக்கு 34,000 கூடினால் நாலு பேர் போக இருந்த இடத்தில் ஒருவர் போவார். 2019 இல் நானும் அம்மாவும் சேர்ந்து போனோம். அதற்குப் பிறகு இந்த வருஷம் மார்ச் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இந்தியா போகவே இல்லை. எனக்கு சம்பளம் 2.2 மடங்கு ஆகவில்லை.

ஜூலை 16, இரவு 9.45

"பஸ்காரன் டீசலுக்கு வரி கட்டுகிறான், விமானக் கம்பனியும் கட்டுகிறதுதானே" என்று மட்டக்களப்பு அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கா, சர்வதேசப் பறப்புக்கு ஏற்றும் எரிபொருளுக்கு அப்படி வரி இல்லை. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, விமானத்தின் தாங்கியில் வந்து அதிலேயே திரும்பிப் போகும் எரிபொருளுக்கு சுங்க வரி போடக்கூடாது என்கிறது. பிறகு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அந்த விலக்கை அங்கே புதிதாக ஏற்றும் எரிபொருளுக்கும் நீட்டின. வெள்ளவத்தையில் இருந்து புறப்படுகிற பஸ்ஸின் டீசலில் வரி இருக்கிறது, கட்டுநாயக்கவில் இருந்து எழும்புகிற விமானத்தின் எரிபொருளில் இல்லை. அப்படி இருந்தும் 400 கி.மீ.க்கு விமானம் பத்து மடங்கு கூட.

குறுந்தூரம் என்பதுதான் இதில் விஷயம். மேலே ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் விமானம் எரிபொருளைக் குடிக்கிறது. ஏறி முடிந்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டிய திருச்சிப் பயணத்தில் மிச்சம் பிடிக்க இடமே இல்லை. தரையிறங்கும் கட்டணம், தரையில் வேலை செய்கிற ஆட்களின் செலவு, புறப்பாட்டு வரி எதுவுமே தூரம் பார்த்துக் குறைவதில்லை, டுபாய் போனாலும் திருச்சி போனாலும் உங்கள் புறப்பாட்டு வரி ஒன்றுதான். உங்கள் டிக்கெட்டின் அடியில் இருக்கிற பிரிவுக் கணக்கைப் பாருங்கள், அடிப்படைக் கட்டணம் ஒரு பக்கம், வரியும் மேலதிகக் கட்டணமும் மற்றப் பக்கம். என் 2019 டிக்கெட்டில் இரண்டும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

ஜூலை 19, இரவு 12.10

இதை எழுதலாமா விடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

போன கார்த்திகையில் பெரியம்மா திருச்சியில் காலமானார். 1990 இல் அகதியாகப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் செய்தி வந்தது. அம்மாவுக்கு இருந்த ஒரே சகோதரி. நான் உடனே மறுநாள் காலை விமானத்தைப் பார்த்தேன், ஒருவழி 48,000. அம்மாவின் கடவுச்சீட்டு அலுமாரியில் எங்கே என்று தேடி எடுத்து, விசா காலாவதியாகவில்லை என்று பார்த்து, தம்பியிடம் வங்கி அட்டையை வாங்கித் திரும்ப வந்து உட்கார நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். அப்போது 71,000. அதே விமானம், அதே சீட்.

பிறகுதான் இது எப்படி என்று தெரிந்துகொண்டேன். ஒரே வகுப்புச் சீட்டுகளைப் பத்துக்கு மேல் விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலிவான படி விற்று முடிந்ததும் அடுத்த படி திறக்கும். கடைசி நாளில் வருகிறவர் கட்டாயம் போக வேண்டியவர் என்று அந்தக் கணக்குக்குத் தெரியும், அவருக்காகவே ஆக மேல்படியை மிச்சம் வைத்திருப்பார்கள். வியாபாரப் பயணிகளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. ஆனால் கடைசி நாளில் ஓடி வருகிறவர்களில் எத்தனை பேர் வியாபாரி, எத்தனை பேர் சாவீட்டுக்குப் போகிறவர்கள்?

அம்மா தனியாகப் போனார். எனக்கு டிக்கெட் போடக் காசு இல்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு மாமா யாழ்ப்பாணத்தில் போனபோது இரவு எட்டு மணிக்கு செய்தி, ஒன்பதரை பஸ்ஸில் ஏறினோம். சீட் எல்லாம் நிறைந்திருந்தது. கொண்டக்டர் சின்னப் பெடியன், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் முன்சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் எடுத்துத் தந்தார். நான் புத்தளம் வரைக்கும் படியில் இருந்தேன். எல்லோருக்கும் என்ன விலையோ எங்களுக்கும் அதே விலை.

நான் இங்கே கிலோமீற்றருக்கு இத்தனை ரூபாய் என்று போட்ட கணக்கில் இந்த வித்தியாசம் இல்லை. பஸ்ஸில் தூரத்துக்குக் காசு. விமானத்தில் எங்கள் அந்தரத்துக்குக் காசு.

ஜூலை 19, காலை 9.00

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

ஜூலை 20, பின்னேரம் 4.30

"விமானம் வசதி, வேண்டாதவர் போகாமல் இருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, வயது குறைந்தவர் என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கோபம் இல்லாமல் எழுதுகிறேன்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை மூடப்பட்டது. திரும்பத் திறக்க 2009 ஆனது. அந்த மூன்று வருஷம் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வர இரண்டே வழிதான். பலாலியில் இருந்து இரத்மலானைக்கு விமானம், அல்லது காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலைக்குக் கப்பல். இரண்டுக்கும் பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும், அனுமதி கிடைத்த பிறகு பெயர்ப்பட்டியலில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருதயச் சிகிச்சைக்குக் கொழும்பு வர வேண்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் விமானத்தில் வந்தார்கள், அதற்கு அம்மாவின் சங்கிலி போனது. நான் கப்பலில் வந்தேன்.

அந்த வழி மலிவாகவும் இருக்கவில்லை, பயமில்லாமலும் இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானம் மன்னார்க் கடலில் விழுந்து அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் ஏறினார்கள். வேறு பாதை இருந்தால் ஏறியிருப்பார்களா?

2009 இல் பாதை திறந்த பிறகு கொழும்பு–யாழ்ப்பாணம் விமானம் எங்கள் வீட்டுப் பேச்சில் இருந்தே போய்விட்டது. பஸ் ஓடத் தொடங்கியது, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரைக்கும் போனது. விமானத்தின் விலை என்ன என்று யாரும் கேட்கவில்லை, தேவைப்படவில்லை. திருச்சிக்கும் சென்னைக்கும் மட்டும்தான் இன்னும் 2007 மாதிரி இருக்கிறது.

ஜூலை 22, காலை 6.40

சின்னக் குறிப்பு. நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் இருந்து கட்டுநாயக்கவுக்கு வாகனம் ஒன்றேகால் மணி, மூன்று மணி நேரம் முன்பே நிற்கச் சொல்கிறார்கள், பறப்பது ஒரு மணி, அங்கே குடிவரவு, பெட்டி என்று ஒரு மணி. ஆறு மணிக்கு மேல். இரவு பஸ் யாழ்ப்பாணத்துக்கு எட்டு எட்டரை மணி. ஆளுக்கு 28,000 கூடக் கொடுத்து மிச்சம் பிடிப்பது இரண்டு மணி.

விமான நிலையத்துக்கு வாடகை வாகனம் பிடிக்காமல் கொழும்புக் கோட்டையில் 187 பஸ் ஏறுங்கள். நாலு பேர் என்றால் பெட்டியோடு கஷ்டம்தான், ஆனால் காசு மிச்சம்.

ஜூலை 26, இரவு 8.15

சனிக்கிழமை, நேரம் இருக்கிறது, ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

தாத்தா கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்தார். 1950களில் வருஷம் ஒருமுறை மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போவார். எப்படிப் போனார் என்று அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு நானே போன மாதிரி இருக்கும். இரவு கோட்டை ஸ்டேஷனில் ரயில். விடிய தலைமன்னார் இறங்குதுறை. ரயிலை விட்டு இறங்கி நடந்தே கப்பல். இரண்டு மணி நேரத்துக்குள் தனுஷ்கோடி. அங்கே இறங்குதுறையிலேயே சென்னை எழும்பூர் போகிற ரயில் நிற்கும். கோட்டையில் வாங்கிய ஒரே டிக்கெட் கடைசி வரைக்கும் செல்லும். போட் மெயில் என்பார்கள், பாம்பன் பாலம் திறந்த 1914 இல் தொடங்கியது.

அந்தக் காலத்தில் விமானமும் இருந்தது. ஏர் சிலோனின் முதல் பறப்பே 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் இருந்து மெட்ராசுக்குத்தான், டிசி-3 ரக விமானம். ஆனால் அதில் போனது டொக்டர்களும் பெரிய உத்தியோகக்காரரும் கொம்பனிக்காரரும். தாத்தாவுக்கு விமானம் விலை ஏறியதா இறங்கியதா என்று தெரியாது, அவருக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அதோடு கப்பல் நின்றுபோனது.

இப்போது நான் சொல்ல வந்தது இதுதான். பத்து மடங்கு என்று நாங்கள் ஒப்பிடுகிற பஸ்ஸும் விமானமும் ஒரே இடத்துக்குப் போகவில்லை. யாழ்ப்பாண பஸ் திருச்சிக்குப் போகாது. உண்மையில் ஒப்பிட வேண்டியது விமானத்தையும் கப்பலையும். அந்தக் கப்பல் நாற்பது வருஷம் இல்லை. பக்கத்தில் மலிவான வழி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் விமானக்காரர் ஒரு எல்லைக்கு மேல் கேட்க முடியாது. விலை ஏறியதை விட எனக்கு வலிப்பது அந்த மூன்றாம் வகுப்பு டிக்கெட் இல்லாமல் போனதுதான்.

ஜூலை 27, காலை 7.20

பிழை விட்டுவிட்டேன், அப்பா படித்துவிட்டுக் காலையிலேயே கூப்பிட்டுச் சொன்னார். புயலுக்குப் பிறகும் கப்பல் ஓடியது, இராமேஸ்வரத்துக்கு. அப்பாவே எழுபதுகளில் அதில் போயிருக்கிறார், திரும்பி வரும்போது குத்துவிளக்கு இரண்டு கொண்டுவந்தார், அது இன்றும் சாமியறையில் நிற்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் சண்டையோடுதான் நின்றது. நான் மேலே "புயலோடு நின்றது" என்று எழுதியது பிழை. நாற்பது வருஷம் என்பது சரி.

தலைமன்னார் ரயில் பாதையைத் திரும்பப் போட்டு 2015 மார்ச்சில் திறந்தார்கள். கோட்டையில் இருந்து இறங்குதுறை வரைக்கும் ரயிலில் போகலாம். அங்கே கப்பல் இல்லை. நான் ஒருமுறை போய் அந்தப் பழைய இறங்குதுறையைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன்.

ஜூலை 27, இரவு 10.00

"கொழும்பில் இருந்தே கப்பல் விடலாமே" என்கிறவருக்கு: விட்டார்கள். 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு பெரிய கப்பல் ஒன்று, அந்த நவம்பரிலேயே நின்றது. ஆட்கள் போதவில்லை. இரவு முழுக்கக் கடலில் ஓட வேண்டிய தூரம், பெரிய கப்பல், நிறையாவிட்டால் எரிபொருளுக்கே கட்டாது. வடக்கில் கடல் ஒடுங்கிய இடத்தில் விடுவதுதான் கணக்குக்குச் சரி.

ஓகஸ்ட் 2, இரவு 9.30

வடக்கில் இருந்து போகிற கப்பலைப் பற்றிக் கேட்டீர்கள், எழுதுகிறேன். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலில் இந்த மார்ச்சில் நானும் அம்மாவும் போனோம். பெரியம்மாவின் வீட்டுக்கு, நான் போகாமல் விட்டதற்கு. (அந்தச் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி ஒரு கிழமையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கியது. மழைக்காலத்தில் கடல் குழம்பினால் நிற்கும்.)

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி விடிய யாழ்ப்பாணம், மாமியின் வீட்டில் ஒரு நாள் தங்கல், அடுத்த நாள் காங்கேசன்துறை. கடலில் நாலு மணி நேரம். அம்மாவுக்கு முதல் இரண்டு மணி நேரம் சத்தி, பக்கத்தில் இருந்த முதியவர் தேசிக்காய் கொடுத்தார். நாகபட்டினத்தில் இறங்கி அங்கிருந்து ரயிலில் திருச்சி. எல்லாச் செலவும் சேர்த்து விமானத்தை விட ஆளுக்கு 25,000 அளவில் மிச்சம். போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு. லீவு இல்லாதவருக்கு இது சரிவராது, அதை ஒளிக்கக்கூடாது. சாவீட்டுக்கும் சரிவராது. கல்யாணத்துக்குச் சரிவரும்.

கரை மறைந்த பிறகு அம்மா எழும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா தொண்ணூறில் இப்படித்தான் போயிருப்பாள், வள்ளத்தில்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

ஓகஸ்ட் 3, காலை 8.00

பொதியைப் பற்றிக் கேட்டவருக்கு: கப்பலிலும் நிறைக் கணக்கு இருக்கிறது, டிக்கெட் போடும்போதே கேளுங்கள். கணக்கே இல்லாதது பஸ் மட்டும்தான். மாமி கட்டித் தந்த கறுத்தக் கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டி, முருங்கைக்காய் ஒரு கட்டு, ஒடியல் மா, எல்லாம் பஸ்ஸின் அடியில் போட்டுக் கொழும்பு வரும், ஒரு சதம் கேட்க மாட்டார்கள்.

ஓகஸ்ட் 9, இரவு 9.10

கேள்வி கேட்ட அண்ணா நேற்றுத் தனியாக எழுதியிருந்தார். அவர் வீட்டில் இப்படி முடிவெடுத்திருக்கிறார்கள்: மனைவிக்கு லீவு மூன்று நாள்தான், அவரும் சின்ன மகளும் விமானம், டிக்கெட் இப்போதே போட்டாயிற்று. அண்ணாவும் மகனும் கப்பல். நல்லூர்த் திருவிழா நடக்கிறபடியால் தேர், தீர்த்தம் முடிகிற வரைக்கும் யாழ்ப்பாண பஸ் எல்லாம் நிறைந்துதான் ஓடும். பஸ் சீட்டையும் இப்போதே சொல்லி வையுங்கள் அண்ணா, வெள்ளவத்தையில் எங்கே கேட்பது என்று உள்பெட்டியில் எழுதுகிறேன். மகனுக்குத் தேசிக்காய் இரண்டு கையில் கொடுத்துவிடுங்கள்.